எட்டு கார், நாற்பது வளைவு: வால்பாறைக்குக் குழுவாக ஏறி இறங்க

ஆழியாறு சோதனைச் சாவடியிலிருந்து வால்பாறைக்குச் சுமார் 40 கி.மீ. வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. தனி காரில் நிதானமாகப் போகிறவருக்கு இது அப்படியொன்றும் பயங்கரமான சாலை இல்லை. எட்டு கார் சேர்ந்து போகும்போதுதான் சிக்கல். முதல் கார் வளைவில் கொஞ்சம் வேகம் குறைத்தால் மூன்றாவது கார் பிரேக் போடும், எட்டாவது கார் நின்றேவிடும். அதற்குள் முன்னால் போனவர்கள் கண்ணில் படமாட்டார்கள். அவர்களைப் பிடிக்க கடைசி ஆள் விரட்டுவார். குழுப் பயணத்தில் விபத்து பெரும்பாலும் இந்த விரட்டலில்தான் வருகிறது. கீழே சொல்லும் ஏற்பாடெல்லாம் யாரும் யாரையும் விரட்டாமல் இருப்பதற்குத்தான்.

புறப்படும் முன்

எட்டு காரையும் ஒரே வரிசையாக விடாதீர்கள். நான்கு நான்காகப் பிரித்து, இரண்டு குழுவுக்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி வையுங்கள். ஒவ்வொரு குழுவிலும் சக்தி குறைந்த வண்டி, மலைக்குப் புதிய ஓட்டுநர் இரண்டாவது இடத்தில் வரட்டும். முன்வண்டி அவருடைய வேகத்துக்குத்தான் போக வேண்டும். கடைசி வண்டிதான் முக்கியம்: அனுபவசாலியிடம் கொடுங்கள். இழுவைக் கயிறு, டயருக்குக் காற்றடிக்கும் பம்ப், பஞ்சர் கிட், ஜம்பர் கேபிள், முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் இருக்க வேண்டும். உதவிப் பொருள் முன்வண்டியில் இருந்தால், நின்றுபோன காருக்கு அதைக் கொண்டுவர அவர் வளைவுக்கு நடுவில் திரும்ப வேண்டியிருக்கும்.

வால்பாறைக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸ் உண்டு. காருக்கு ஒன்று தனித்தனியாக எடுக்க வேண்டும். முந்தின நாளே எடுத்து அச்சிட்டு வையுங்கள். சாவடி வரிசையில் நின்று ஃபோனில் தேடும் ஒருவரால் மொத்தக் குழுவும் காத்துக் கிடக்கும். பிளாஸ்டிக் பாட்டில், பைகளையும் சாவடியில் பார்ப்பார்கள். பெட்ரோல் பொள்ளாச்சியிலேயே முழுசாகப் போட்டுவிடுங்கள். காலை ஆறரைக்குப் பொள்ளாச்சியைத் தாண்டினால் பேருந்து நெரிசலுக்கு முன் பாதி மலை ஏறிவிடலாம்.

வண்டியில் பார்க்க வேண்டியது நான்கே. பிரேக் பேட் 4 மி.மீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருஷத்துக்கு மேல் பழசென்றால் அதையும் மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 (பிரேக் ஆயிலின் ஒரு தரம்) ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறியது 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். குழாயில் ஆவி வந்தால் பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. டயர் காற்று, கதவோர ஸ்டிக்கரில் ‘முழுச் சுமை’ என்று போட்டிருக்கும் அளவுக்கு, டயர் குளிர்ந்திருக்கும்போது. பிடிமானம் கிடைக்கும் என்று மலைக்குக் காற்றைக் குறைப்பது தப்பு. வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்கும். கடைசியாக கூலண்ட், எஞ்சின் ஆறியிருக்கும்போது.

ஃபோன் சிக்னல் வழியில் பல இடங்களில் அறுந்துபோகும். உரிமம் தேவைப்படாத 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் வாக்கி-டாக்கி குழுவுக்கு இரண்டு இருந்தால் போதும்: முன்வண்டிக்கு ஒன்று, கடைசி வண்டிக்கு ஒன்று. பக்கத்து இருக்கைக்காரர்தான் பேச வேண்டும். “பஸ் இறங்குது, 14” என்ற அளவுக்குச் சுருக்கமாகப் பேசினால் போதும். வளைவு எண்தான் முகவரி.

ஏறும்போது

ஒரு வளைவில் குழுவின் ஒரு கார்தான் இருக்க வேண்டும். முன்னால் போகிறவர் வளைவை முடித்து நேர்ச் சாலைக்குப் போன பிறகே அடுத்தவர் நுழையட்டும். ஒவ்வொருவரும் கண்ணாடியில் பின்வண்டியைக் கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. பின்வண்டி இரண்டு நிமிடமாகத் தெரியவில்லையென்றால் அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டுங்கள். இதை எல்லோரும் செய்தால் செய்தி தானாக முன்வண்டிக்குப் போய்விடும். தாண்டிப் போக நினைக்கும் வெளியாள் வண்டி நடுவே புகுந்தால் புகுந்து போகட்டும், வழி விடுங்கள்.

எல்லா வளைவும் ஒன்றல்ல. ஏறும்போது வலப்பக்க வளைவில் நம் பாதை வெளிவட்டம். ஏற்றம் குறைவு, இரண்டாம் கியரிலேயே போகலாம். உள்ளே குறுக்கே வெட்டத் தோன்றும், செய்யாதீர்கள். இறங்குகிற வண்டியின் பாதை அதுதான். இடப்பக்க வளைவில் நாம் உள்வட்டம். அங்கே ஏற்றம் செங்குத்தாக இருக்கும். நுழைவதற்கு முன்பே முதல் கியருக்கு மாறிவிடுங்கள். பாதிக்கு மேல் போய் மாற்றினால் வேகம் செத்து, கார் பின்னுக்கு உருளும். உள்சக்கரம் சுழன்று வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரை இன்னும் மிதிக்காமல் லேசாக விடுங்கள்; பிடி கிடைக்கும். அரை கிளட்சில் நிறுத்திவைப்பவர் கார் ஐந்தாறு வளைவுக்குள் கருகல் வாடை அடிக்கும். நிற்க வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக்தான். ஏஎம்டி (கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும்) கார்க்காரர்கள் இதைத் தனியாக மனதில் வையுங்கள்: ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து வண்டியைப் பிடித்து நிறுத்தினால் உங்கள் காரின் உள்ளிருக்கும் கிளட்சும் எரியும். மேனுவல் மோடில் போடுங்கள்.

அரசுப் பேருந்துக்கு வளைவு முழுதும் வேண்டும். மேல் அடுக்கில் பேருந்தைப் பார்த்தவுடன் வளைவுக்குக் கீழேயே நின்றுவிடுங்கள். குறுகலில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. ஆனால் நான்கு கார் வரிசையாக அதைக் காட்டி பேருந்தைப் பின்னால் நகர்த்துவது நடக்கிற காரியமா?

9-வது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை. வரையாடு பெரும்பாலும் இங்கேதான் தென்படும். நிறுத்த இடம் கொஞ்சம்தான், ஆகவே குழு குழுவாகத்தான் நிற்க முடியும். சாலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது: தீனி போடக் கூடாது, பாட்டு வேண்டாம். யானை நின்றால் ஹாரன் அடிக்காமல், டிம் லைட்டில், தூரமாக நின்று காத்திருங்கள். அது நம் பக்கம் நடந்தால் பின்னால் எடுக்க வேண்டும். ஒட்டி ஒட்டி நிற்கும் நான்கு காரில் முதல் கார் எங்கே போகும்? நிற்கும்போதும் மூன்று கார் நீளம் இடைவெளி விடச் சொல்வது அதனால்தான்.

வழியில் வரும் கவர்க்கல் பக்கம் மூடுபனி திடீரென்று இறங்கும். டிம் லைட், ஃபாக் லேம்ப். ஹை பீம் போட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். ஓடும் காரில் நான்கு இண்டிகேட்டரையும் சிமிட்டவிட்டால் பின்வண்டிக்கு நீங்கள் திரும்புகிறீர்களா, நிற்கிறீர்களா என்று புரியாது.

இறங்கும்போது

நிஜமான சோதனை இதுதான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் (தாழ்ந்த கியர்) அல்லது மேனுவல் மோட். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராதீர்கள்; வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை மிதித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விடுங்கள். விட்ட நேரத்தில்தான் பிரேக் டிஸ்க் ஆறும். நியூட்ரலில் இறக்குகிறவர் குழுவில் இருந்தால் புறப்படும் முன்பே சொல்லி நிறுத்துங்கள். மின்சார கார்களுக்கு இன்னொன்று: மேலே 100 சதவீதம் சார்ஜ் போட்டுவிட்டு இறங்கினால் ரீஜென் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுவது) வேலை செய்யாது, எல்லாச் சுமையும் பிரேக்கில் விழும். 80 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

கருகல் வாடை வந்தாலோ, பெடல் அமுங்கினாலோ அடுத்த அகலமான இடத்தில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வைத்து, கியரில் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். சூடான டிஸ்க்கை பேட் கவ்விக்கொண்டிருந்தால் அந்த இடம் மட்டும் ஆறாது. தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் வளைந்துவிடும். அரை மணி நேரம் கொடுங்கள். ஓடும்போதே பெடல் தரைக்குப் போய்விட்டால் வேகமாக நாலைந்து முறை மிதியுங்கள், கியரைக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டுங்கள். மாலை நான்கு மணிக்குள் வால்பாறையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

ஆழியாறில் கார்களை எண்ணிய பிறகு, ஒவ்வொருவரும் நான்கு சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொடாமல். முன்சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி சுட்டால் பரவாயில்லை. ஒன்று மட்டும் அனல் வீசினால் அந்தக் காலிபர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிடி) விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காரைப் பொள்ளாச்சியிலேயே மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுக் கிளப்புங்கள்.