பெண் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்கு வரும் உடற்கல்வி ஆசிரியர்களைப் பார்த்தால், நாங்கள் செய்த தவறுகள் இன்னும் ஓய்வு பெறவில்லை என்று தெரிகிறது. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சருக்குத் தாரைவார்ப்பது பற்றி ஊரே பேசிவிட்டது. அதை விடுகிறேன்.

வெள்ளைச் சீருடை

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். பி.டி. உள்ள நாளில் வெள்ளை பேன்ட். ஏழாம் வகுப்புவரை சிக்கல் தெரியாது. எட்டாவது வந்ததும் வேப்பமரத்தடியில் உட்காரும் கூட்டம் பெருகும். "வயித்து வலி மிஸ்." புது ஆசிரியர் சோம்பேறி என்று முடிவுகட்டிவிடுவார்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு கோ கோ ஆட்டக்காரி. குறுவட்டப் போட்டிக்கு, அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் போட்டிக்கு, முந்தைய வாரம் பெயரை எடுத்துவிடச் சொன்னாள். காரணம் தோழி வழியாகத்தான் வந்தது: மாதவிலக்குத் தேதி. கோ கோவில் துரத்தும் அணி கட்டத்தில் குந்தியிருந்து, 'கோ' கேட்டதும் பாய வேண்டும். அதுவும் வெள்ளை பேன்ட்டில், சுற்றி நிற்கும் பையன்கள் முன்னால்! நிறத்தை மாற்றலாமா என்று நிர்வாகத்தைக் கேட்டால், "அணிவகுப்பில் வெள்ளைதான் எடுப்பா இருக்கும்" என்றார்கள். பத்தாம் வகுப்பில் அவள் மைதானப் பக்கமே வரவில்லை.

வெள்ளையை விடாப்பிடியாகப் பிடித்திருந்த விம்பிள்டனே 2023-ல் வீராங்கனைகள் உள்ளே அடர்நிற ஷார்ட்ஸ் அணிய அனுமதித்தது. அதே ஆண்டு இங்கிலாந்துப் பெண்கள் கால்பந்து அணியும் வெள்ளை ஷார்ட்ஸிலிருந்து நீலத்துக்கு மாறியது. நமக்கு ஒரு கருநீல டிராக் பேன்ட் போதும். கூடவே உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, கழிப்பறையில் தண்ணீர், போட்டிக்குக் கொண்டுபோகும் முதலுதவிப் பெட்டியில் நாப்கின். வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மட்டும் இருந்தால் அது பாதிப் பெட்டிதான்.

அப்புறம், அந்த நாட்களில் ஆடக் கூடாது என்று நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். ஆடுவதா வேண்டாமா என்று அவளிடமே கேளுங்கள், தனியாக.

ஓட்டத்தைத் தண்டனையாக்குவது

வேண்டவே வேண்டாம்.

அணியை மட்டும் கவனிப்பது

மிச்சப் பேர் சுண்ணாம்புக் கோடு போடப் பிறக்கவில்லை.

அம்மாவிடம் கடைசி நேரத்தில் பேசுவது

போட்டிக்கு முதல் நாள் கையெழுத்து கேட்டால் "வேணாம் மிஸ்" என்றுதான் பதில் வரும். ஜூன் மாதமே பேசிவிடுங்கள். எந்த ஊர், கூட வரும் டீச்சர் யார், எத்தனை மணிக்கு வீட்டில் விடுவோம் என்பதுதான் அவர்கள் கவலை. "வெயில்ல கறுத்துப்போவா" என்றும் சொல்வார்கள். சரி, அதோடு மல்லுக்கட்டாமல் பயிற்சியை வெயில் ஏறுமுன் வைத்துவிடுங்கள்.