யாடோம்: தாய்லாந்து மூக்குச் சிமிழை வீட்டில் செய்வது எப்படி?

பாங்காக்கின் சேன் சேப் கால்வாயில் காலை நேரப் படகில் ஏறினால் முதலில் வந்து மோதுவது வாசனைதான். டீசல் புகை, கலங்கல் தண்ணீர், பக்கத்தில் நிற்பவர் கையில் தொங்கும் வறுத்த பன்றிக்கறிப் பொட்டலம், எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து சின்னப் பச்சைச் சிமிழ் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, என் மூக்குக்கு நேரே நீட்டினார். கிராம்பு, ஏலம், கற்பூரம், ஏதோ ஒரு எலுமிச்சைத் தோல். நான் இறங்குகிற துறை வரைக்கும் அந்தச் சிமிழ் எங்கள் இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தது.

அதன் பெயர் யாடோம். தாய் மொழியில் 'யா' என்றால் மருந்து, 'டோம்' என்றால் முகர்வது. பைக் டாக்ஸி ஓட்டுபவர், கல்லூரி மாணவி, வங்கிக் கவுண்டரில் இருப்பவர் என்று இங்கே பாதிப் பேர் பையில் ஒன்று கிடக்கும். சிலர் குச்சி வடிவ இன்ஹேலரை ஒரு மூக்குத் துவாரத்தில் செருகித் தொங்கவிட்டபடியே இரண்டு கையாலும் வேலை பார்ப்பார்கள். முதலில் பார்க்கும்போது சிரிப்பு வரும். ஒரு ஏப்ரல் மாதத்தை இங்கே கழித்த பிறகு வராது.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று அந்தக் குச்சி. மேல் பக்கம் முகர, அடிப்பக்கம் திறந்தால் தொட்டுத் தடவிக்கொள்ள எண்ணெய். எட்டுச் சீனத் தேவர்களின் பெயரைத் தாங்கிய 'போய் சியன்' இந்த வகையில் பேர்போனது. செவன் இலெவன் கடைக் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொங்கும், தாய்லாந்துப் பணத்தில் இருபது முப்பது 'பாத்'துக்குள் முடிந்துவிடும். குச்சியை வீட்டில் செய்வதில் அர்த்தமில்லை, வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று மூலிகைச் சிமிழ். காய்ந்த மசாலாப் பொருட்களைக் கற்பூர வகைகளில் ஊறவைத்து அடைத்தது. நாம் செய்யப்போவது இதைத்தான். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் குடியிருப்பு வாசலில் பப்பாளிச் சாலட் இடித்து விற்கும் பெரியம்மா. இங்கே பெரியம்மாவை 'பா' என்று கூப்பிடுவார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிக் கூப்பிட எனக்கு வாய் வரவே ஒரு மாதம் ஆயிற்று. பதிலுக்கு அவர் என்னை 'நூ' என்பார். சுண்டெலி என்று அர்த்தம்.

தேவையான பொருட்கள்

முப்பது மில்லி அளவுள்ள நான்கு கண்ணாடிச் சிமிழ்களுக்கு இந்தக் கணக்கு: மெந்தால் 10 கிராம், கற்பூரம் 5 கிராம், பிம்சேன் 5 கிராம், யூக்கலிப்டஸ் தைலம் 2 மில்லி. காய்ந்த சரக்கு மொத்தம் 40 கிராம். அதில் கிராம்பு 10, ஏலக்காய் 8, மிளகு 8, பட்டை 5, அன்னாசிப்பூ 5, ஜாதிபத்திரி 4. இதோடு ஒரு எலுமிச்சையின் காய்ந்த தோல்.

மெந்தால் நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கேட்டால் கிடைக்கும். ஊசி ஊசியாக, கண்ணாடித் துண்டு போல இருக்கும். கற்பூரத்துக்குத் தாய் மொழியில் 'காராபூன்'. நம் கற்பூரமும் அதுவும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்தவை. பிம்சேன் என்பது போர்னியால், கற்பூரத்துக்கு உறவான ஒரு மணப்பொருள். வடநாட்டில் பீம்சேனி கற்பூரம் என்கிறார்களே, அந்தப் பீமசேனன்தான் கடல் தாண்டி வந்து பிம்சேன் ஆகியிருக்கிறான். அது கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். மணம் கொஞ்சம் கூர்மையாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சாமிக்கு ஏற்றும் சூடத்தைப் போடாதீர்கள். அது எரிப்பதற்காகச் செய்தது, அதில் வேறு என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

பா போடுவது சயாம் ஏலக்காய். உருண்டையாக, வெளுப்பாக இருக்கும். நம் பச்சை ஏலக்காயில் மணம் இன்னும் தூக்கல், அதனால் ஒரு குறையும் இல்லை. எலுமிச்சைக்கு அவர் எடுப்பது தோல் முழுக்கப் புடைப்பு புடைப்பாக இருக்கும் மக்ருத். நாரத்தைத் தோல் போட்டும் பார்த்தேன், நன்றாகவே வந்தது.

படி 1: காயவைத்தல்

பாதி வேலை இதுதான், அவசரப்படக் கூடாத இடமும் இதுதான். சரக்கு எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, மேலே வலைத்துணி போட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் வையுங்கள். எலுமிச்சைத் தோலை அடிப்பக்க வெள்ளைச் சதையைச் சுரண்டிவிட்டு, மெல்லிசாகக் கீறித் தனியாகக் காயவையுங்கள். அதற்கு நான்கு நாள்கூட ஆகும். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மழைக்காலமாக இருந்தால் இரும்புச் சட்டியைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டில் சரக்கைப் போட்டுப் புரட்டி எடுங்கள். வறுக்கக் கூடாது. கிராம்பு வாசனை வீடு முழுக்கப் பரவினால் சிமிழில் இருக்க வேண்டிய எண்ணெய் காற்றில் போகிறது என்று பொருள்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். அதை நாம் மூக்கால் இழுக்கப் போகிறோம். கடையில் விற்கும் பொருளுக்கே இந்தச் சிக்கல் உண்டு. 2025 அக்டோபரில் ஒரு பிரபலச் சிமிழின் ஒரு தொகுதியில் நுண்ணுயிர்கள் வரம்பை மீறியிருப்பதாகத் தாய்லாந்து உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. வீட்டில் நமக்கு ஆய்வுக்கூடம் கிடையாது, வெயில்தான் இருக்கிறது.

படி 2: இடித்தல்

கிராம்பை அப்படியே விடுங்கள். மிளகு ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். ஏலக்காயைத் தட்டித் தோல் திறந்தால் போதும். பட்டை, அன்னாசிப்பூ, ஜாதிபத்திரியைக் கையால் ஒடித்துப் போடலாம். இதற்கென்று ஒரு சின்ன இடிகல் வைத்துக்கொள்ளுங்கள். பா தன் பப்பாளிச் சாலட் உரலை இதற்குத் தொடவே மாட்டார். இரண்டு நாளைக்குச் சாலட்டில் கிராம்பு மணக்கும் என்பது ஒரு காரணம், சிமிழில் மீன் சாறு மணக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதல் தடவை நான் எல்லாவற்றையும் மிக்சியில் போட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன். மறுநாள் அலுவலகக் கூட்டத்தில் ஜம்பமாகச் சிமிழைத் திறந்து ஒரு இழுப்பு. மிளகுத்தூள் நேராக மூக்குக்குள். பதினைந்து தும்மலுக்குக் குறையாது. பா கேட்டுவிட்டு, "நூ, இது குழம்புக்கா?" என்று மட்டும் சொன்னார். இடித்த பிறகு சல்லடையில் போட்டுச் சலித்து, தூளை ரசத்துக்கு ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: உப்புகளை உருக்குதல்

எனக்குப் பிடித்த கட்டம். காய்ந்த கண்ணாடிக் கிண்ணத்தில் மெந்தாலையும் கற்பூரத்தையும் போட்டு ஒரு மரக்குச்சியால் கிளறுங்கள். அடுப்பு வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். இரண்டும் காய்ந்த வெள்ளைப் பொருள்கள்தான். ஒன்றோடு ஒன்று உரச உரச ஓரம் ஈரமாகும், அப்புறம் பிசுபிசுக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்த நீராக நிற்கும். தனியாக இருந்தால் மெந்தால் உருக 42 டிகிரி வேண்டும், கற்பூரத்துக்கு 175க்கும் மேல். சேர்ந்தால் அறை வெப்பத்திலேயே இளகிவிடுகின்றன. ஓம உப்பு, புதினா உப்பு, கற்பூரம் மூன்றையும் ஒரு குப்பியில் போட்டுக் குலுக்கித் தைலம் செய்யும் பாட்டிகள் நம்மிடமும் உண்டு. அதே வித்தைதான்.

நீரான பிறகு பிம்சேனைப் பொடித்துப் போடுங்கள். அது மெதுவாகத்தான் கரையும், கிளறிக்கொண்டே இருங்கள். கடைசியாக யூக்கலிப்டஸ் தைலம். கிண்ணத்துக்கு மேல் முகத்தை நீட்டாதீர்கள், கண் எரியும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிளாஸ்டிக் பாத்திரம் கூடாது. நான் ஒருமுறை மெல்லிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றி வைத்தேன். காலையில் டப்பா கீறல் விழுந்து, மூடி பிடிக்காமல் நெளிந்துபோயிருந்தது. கண்ணாடியே உத்தமம்.

படி 4: ஊறவைத்தல், அடைத்தல்

சரக்கைப் பெரிய கண்ணாடி ஜாடியில் போட்டு, உருகிய நீரில் முக்கால் பங்கை மேலே ஊற்றிக் குலுக்குங்கள். இறுக்க மூடி நிழலில் ஒரு வாரம். தினமும் ஒரு தடவை தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் போதும். சரக்கு பளபளக்க வேண்டும், அடியில் நீர் தேங்கக் கூடாது. தேங்கினால் வடித்துவிடுங்கள். காய்ந்த மாதிரி தெரிந்தால் மீதியையும் விடுங்கள்.

பிறகு சிமிழ்களில் முக்கால் அளவுக்கு நிரப்பி, மேலே இரண்டு மடிப்புச் சல்லாத் துணி வைத்து அழுத்துங்கள். இழுக்கும்போது கிராம்பு மூக்கில் ஏறாமல் இருக்க அது. மூடியில் தேதி எழுதிவிடுங்கள். ஆறு மாதம் தாராளமாக வரும். மணம் குறைந்தால் உருகிய நீர் நான்கு சொட்டு. பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

எப்படி முகர்வது?

மூக்கில் ஒட்டி வைக்க வேண்டாம். இரண்டு விரற்கடை தள்ளிப் பிடித்து, சாதாரணமாக ஒரு மூச்சு. காரமாக இருந்தால் இன்னும் தள்ளிப் பிடியுங்கள். புதிதாகப் பழகுபவர்கள் ஆழமாக இழுத்துக் கண்ணீர் விடுவது வழக்கம்.

இங்கே எப்போதெல்லாம் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். நெரிசல் ரயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் கவ்வும்போது, மலைப்பாதை வேனில், தேர்வுக்குப் படிக்கும்போது. யாராவது வெயிலில் மயங்கிச் சரிந்தால் கூட்டத்திலிருந்து நாலு கை யாடோமோடு நீளும். மயக்கத்துக்குத் தாய் மொழியில் 'பென் லோம்', அதாவது காற்றாகிவிடுவது. காற்றானவரை மணத்தால் கட்டி இழுத்து வருகிறார்கள் போல. ஆனால் சரிந்தவருக்கு முதலில் வேண்டியது நிழலும், படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடிப்பதும்தான். சீக்கிரம் தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸ்.

இன்னொன்று. சளி பிடித்தபோது முகர்ந்தால் மூக்கு திறந்த மாதிரி இருக்கும். உண்மையில் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. மூக்கிலுள்ள குளிர் உணரி ஒன்றை மெந்தால் தட்டி எழுப்புகிறது, சில்லென்று காற்று போவதாக மூளை நம்பிவிடுகிறது. அந்த உணரியை 2002இல் அடையாளம் கண்டவர்களில் டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் உண்டு. வெப்பம், தொடுதல் உணரிகள் பற்றிய ஆய்வுக்காக இருவருக்கும் 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏமாற்று சுகமாகத்தான் இருக்கிறது, நானும் தினமும் ஏமாறுகிறேன். பத்து நாளுக்கு மேல் மூக்கடைப்பு இருந்தால் மட்டும் மருத்துவரைப் பாருங்கள்.

யாருக்குக் கூடாது?

கைக்குழந்தைகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் மூக்கருகே காட்டவே கூடாது. மெந்தாலும் கற்பூரமும் குழந்தையின் மூச்சையே நிறுத்திவிடக்கூடும். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் விஷம், வலிப்பு வரும். ஆகவே சிமிழும் மீதித் தைலமும் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இந்தக் காரமே இழுப்பைத் தூண்டலாம். ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ளவர்களுக்குக் கற்பூரம் ஆகாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

மீந்துபோன உருகிய நீரை அப்படியே நெற்றியில் தடவாதீர்கள், தோல் எரியும். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய் கலந்தால் நெற்றிப் பொட்டுக்கும் கொசுக்கடிக்கும் ஆகும். தடவிய கையால் கண்ணைத் தொட வேண்டாம்.

சிமிழை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சளி இன்னொருவர் மூக்குக்குப் போக இதைவிடக் குறுக்கு வழி கிடையாது. படகுப் பாட்டியிடம் அன்றைக்கு இதைச் சொல்லும் தெம்பு எனக்கு இல்லை. இப்போதும் அதே படகில்தான் போகிறேன். இந்தத் தடவை செய்த நான்கில் ஒன்றை, திறக்காமல், அவருக்கென்று பையில் போட்டு வைத்திருக்கிறேன்.