“பலவீனத்திலே என் பலம்”: ஒரு வசனத்தை வாசிக்கையில் நேரும் பிழைகள்

“என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்” என்ற வசனம் (2 கொரிந்தியர் 12:9) நம் வீட்டு நாட்காட்டிகளில் தனியாகவே தொங்குகிறது. கர்த்தர் தனக்குச் சொன்னதாக அப்போஸ்தலன் பவுல் கொரிந்து நகரத்துச் சபைக்கு எழுதிய நிருபத்தில் வரும் சொற்கள் இவை. அந்நிருபம் ஒரு கடுமையான தகராற்றின் நடுவே எழுதப்பட்டது என்பதை மறப்பதுதான் முதல் பிழை.

கி.மு. 146இல் ரோமரால் அழிக்கப்பட்ட கொரிந்து, கி.மு. 44இல் யூலியஸ் சீசரின் முயற்சியால் ரோமக் குடியேற்றமாக மீண்டும் எழுந்தது. விடுதலை பெற்ற அடிமைகள் பலர் குடியேறிய அந்நகரில், செல்வமும் நாவன்மையும் பெரிய மனிதரின் ஆதரவும் ஒருவரை மேலே ஏற்றிவிடும். அங்கே கூடாரத் தொழில் செய்து பிழைத்த பவுலைக் குறித்து, “சரீரத்தின் தோற்றமோ பலவீனமும், வசனம் அற்பமுமாயிருக்கிறது” என்று பேசினார்கள். ‘மகா பிரதான அப்போஸ்தலர்’ என்று அவர் ஏளனமாகக் குறிப்பிடும் எதிராளிகளுக்கு விடையாக, தான் பட்ட அடிகளையும் மூன்று கப்பற்சேதங்களையும் அடுக்கிக்கொண்டு போய், தமஸ்குவின் மதில் ஜன்னல் வழியாகக் கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பிய கதையில் முடிக்கிறார். பகைவரின் மதிலில் முதலில் ஏறிய வீரனுக்கு ரோமர் பொன்முடி சூட்டுவது வழக்கம். மதிலிலிருந்து இறங்கி ஓடியதைப் பெருமையாகச் சொல்வது அதையே கேலி செய்வதாகும் என்று உரையாசிரியர் சிலர் கருதுவது எனக்குச் சரியாகவே படுகிறது.

பலவீனம் என்பதைச் சோம்பலுக்கும் குணக்கேட்டுக்கும் போர்வையாக்குவது அடுத்த பிழை. ஆயத்தமே இல்லாமல் பிரசங்க பீடம் ஏறிவிட்டு இவ்வசனத்தைச் சொல்பவர்களை நாம் கேட்டிருக்கிறோம். பவுலின் பட்டியலில் இருப்பவையோ நிந்தை, நெருக்கம், துன்பம், இடுக்கண் ஆகியவை. தன்னை வாட்டியதாக அவர் சொல்லும் ‘மாம்சத்திலே ஒரு முள்’ எந்த நோய் என்று ஆராய்வதும் வீண்வேலை, அவர் சொல்லவில்லை. ஆனால் அது நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாகச் சொல்கிறார்; ஆகவே சுகத்தை நாடுவது அவிசுவாசம் ஆகாது.

தாழ்மையை ஏணியாக்குவது இன்னொன்று. தன் படம் பெரிதாக அச்சிட்ட பதாகையின் கீழ் நின்று “நான் ஒன்றுமில்லாதவன்” என்று சொல்வதில் இழப்பு ஏதுமில்லை.

எல்லாவற்றிலும் கொடியது, அநீதிக்கு உள்ளானவர்களிடம் இவ்வசனத்தைச் சொல்லி வாயடைப்பது. பவுல் மேன்மைபாராட்டியது தன் பலவீனத்தைக் குறித்தே. கணவனிடம் அடிபடும் பெண்ணின் பலவீனத்தைக் குறித்து அல்ல. அவரும் எல்லா அடிகளையும் பேசாமல் வாங்கிக்கொள்ளவில்லை. எருசலேமில் வாரினால் அடிக்கக் கட்டியபோது, ரோமக் குடிமகனான தன்னை விசாரிக்காமல் அடிப்பது நியாயமா என்று நூற்றுக்கு அதிபதியைக் கேட்டார். பிலிப்பியிலோ, விசாரணையின்றி அடித்துச் சிறையில் போட்ட அதிகாரிகள் இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்தபோது, அவர்களே நேரில் வந்து அழைத்துப் போகட்டும் என்று சொல்லி, அவர்கள் வரும்வரை சிறையைவிட்டு நகரவில்லை.