ட்ராக்கிங் தகவலை எடைபோடும்போது செய்யக்கூடாத தவறுகள்

வண்டியில் ஜிபிஎஸ் மாட்டியாயிற்று, மேப்பில் புள்ளி நகர்கிறது, அப்புறமென்ன என்று விட்டுவிடுகிறோம். புள்ளி நகர்வது வேறு, அதை நம்பி முடிவெடுக்க முடிவது வேறு. பள்ளி வேனை எதிர்பார்த்து நிற்கும் அம்மாவுக்கு இரண்டாவதுதான் வேண்டும்.

முதல் தவறு, தகவலின் வயதைப் பார்க்காமல் துல்லியத்தை மட்டும் பார்ப்பது. காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர் போகும் வண்டி மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஓடினால் 30 விநாடியில் 400 மீட்டருக்கு மேல் போயிருக்கும். கருவி 5 மீட்டர் துல்லியமாகச் சொன்னாலும், சேதி 30 விநாடி தாமதமாக வந்தால் அது அரை நிமிடம் முந்தைய இடம். இன்னொன்று, சிக்னல் இல்லாத இடத்தில் பல கருவிகள் புள்ளிகளைச் சேர்த்துவைத்து, கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். சர்வர், புள்ளி தன்னிடம் வந்துசேர்ந்த நேரத்தையே போட்டுக்கொண்டால் பத்து நிமிடப் பாதையை வண்டி ஒரே விநாடியில் கடந்ததாகக் காட்டும். அளந்த நேரத்தையும் வந்த நேரத்தையும் தனித்தனியாகப் பதிந்துவையுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் தரும் துல்லிய வட்டத்தை எல்லைக்கோடாக நினைப்பதும் தவறுதான். உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதே அதன் பொருள், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை வண்டி வெளியே இருக்கலாம்.

கேமரா படத்தில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்துப் பின்தொடரும் சிஸ்டத்துக்கு வந்தால், ஒரே மதிப்பெண்ணை வைத்துத் தீர்ப்பு சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். சிராவயல் மஞ்சுவிரட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பொட்டலில் காளைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு ஓடும், நடுவில் ஆட்கள், புழுதி. ஒரு கணக்குக்கு, 1,000 ஃபிரேம், ஒவ்வொன்றிலும் 10 காளை, மொத்தம் 10,000 தடவை கண்டுபிடிக்க வேண்டும். 800 தடவை தவறவிட்டது, 200 தடவை இல்லாததைக் காட்டியது, 40 தடவை காளையின் அடையாள எண் மாறிப்போனது என்று வைத்துக்கொண்டால், இந்த மூன்று தவறையும் கூட்டி, மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று 100-லிருந்து கழிக்கும் மோட்டா (MOTA) மதிப்பெண் 89.6 வரும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துக் காளைக்கு 40 தடவை அடையாளம் மாறியிருக்கிறது, எந்தக் காளை எந்தப் பக்கம் ஓடியது என்று கேட்டால் இந்தப் பதிவால் சொல்லவே முடியாது! அத்தனை குழப்பத்துக்கும் மோட்டா குறைத்தது 0.4 சதவீதம்தான். அடையாளம் முக்கியமென்றால் அடையாளம் எவ்வளவு தூரம் சரியாக நிலைத்தது என்று பார்க்கும், 2016-ல் வந்த ஐ.டி.எஃப்.1 (IDF1) மதிப்பெண்ணையும், கண்டுபிடிப்பையும் அடையாளத்தொடர்ச்சியையும் சமமாக நிறுக்கும் 2020-ன் ஹோட்டாவையும் (HOTA) சேர்த்தே பாருங்கள். வெறும் தலை எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் அது வேறு கதை.

சிஸ்டம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அப்படியே நம்புவது அடுத்தது. பிழையுள்ள அளவுகளிலிருந்து வண்டி இருக்கும் இடத்தைக் கணிக்கும் கணக்குமுறையான கால்மன் ஃபில்டர், இடத்தோடு சேர்த்து, எவ்வளவு பிழை இருக்கலாம் என்ற தன் கணிப்பையும் தரும். அந்தக் கணிப்பு சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. உண்மையான இடம் தெரிந்த ஓட்டம் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு திசையிலும் வந்த பிழையின் வர்க்கத்தை ஃபில்டர் சொன்ன பிழை அளவின் வர்க்கத்தால் வகுத்து, கூட்டி, சராசரி எடுங்கள்; இதை நீஸ் (NEES) என்பார்கள். கிழக்கு மேற்காக ஒன்று, வடக்கு தெற்காக ஒன்று என்று இரண்டு அளவு மட்டும் இருந்தால் சராசரி 2-ஐ ஒட்டி வரவேண்டும். 8 வந்தால், சொன்னதைப்போல் இரண்டு மடங்கு பிழை இருக்கிறது, ஃபில்டர் அளவுக்குமீறிய நம்பிக்கையில் ஓடுகிறது. எனக்கு இது மோசமான துல்லியத்தைவிட ஆபத்தானது, ஏனென்றால் சந்தேகப்பட வேண்டிய இடத்தில் நம்மைச் சந்தேகப்பட விடாது.

கடைசியாக, ஒருவர் சொன்ன சேதியை இரண்டு சாட்சியாக எண்ணுவது. வேனில் இருக்கும் ஒரே கருவியின் புள்ளி இரண்டு ஆப் வழியாக வந்து சேரும், சிஸ்டம் இரண்டையும் தனித்தனி ஆதாரமாக எடுத்துப் பிழை அளவைத் தானே குறைத்துக்கொள்ளும். எந்தக் கருவியிலிருந்து வந்தது என்ற அடையாளத்தை ஒவ்வொரு புள்ளியோடும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அது தெரியாதவரை இரண்டையும் ஒன்றாகவே எண்ணுங்கள்.