வெயிலில் சுருண்ட எங்கள் குழு

வெளிநாட்டில் ஒரு நெரிசலான நகரத்துக்கு மாணவர் குழுவாகத் தொண்டு செய்யப் போயிருந்தோம். மதியமானால் யாராவது தலைசுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். வெறும் தண்ணீரை எவ்வளவு குடித்தாலும், வியர்வையில் போன உப்பு திரும்பாதே!

தண்ணீரில் கலந்து குடிக்கும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலம்தான் கைகொடுத்தது. அது தீர்ந்தபோது, கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கலந்தோம். கண்ணளவு மட்டும் வேண்டாம், உப்பு கூடினால் ஆபத்து.

அப்புறம் வேலையை விடிகாலைக்கும் சாயங்காலத்துக்கும் மாற்றினோம். ஒருங்கிணைப்பாளர் முணுமுணுத்தார், சரி, முணுமுணுக்கட்டும். கூட்டத்தில் தொலையாமலிருக்க இரண்டிரண்டு பேராகப் போனதில் இன்னொரு லாபம்: வெயில் தாக்கி ஒருவர் பேச்சு குழறினால் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அப்படிக் குழறினால் வாயில் எதையும் ஊற்றாமல், உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்குத்தான்.