ஊதா மூடியிலிருந்து சிவப்பு மூடிக்கு: ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி ஊதா மூடி டியூபைத் திறந்து, அளவு குறைந்திருந்த சிவப்பு மூடி டியூபில் சாய்க்கப் போனாள். கையைப் பிடித்துவிட்டேன். "ரெண்டும் ஒரே ஆளோட ரத்தம்தானேக்கா?" என்றாள். அவளாவது கேட்டாள். பல வருடங்களுக்கு முன் நான் யாரிடமும் கேட்காமலே ஊற்றினேன்.

டியூபில் பெயர் எழுதாதது, கையுறை போடாதது பற்றியெல்லாம் சொல்லித்தர வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் என்னென்ன இருக்கிறது என்று தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டு, ஊசியைத் தொட்டதும் அத்தனையையும் மறந்துவிடுகிறோமே, அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

எல்லா டியூபிலும் ஒரே ரத்தம் என்று நினைப்பது

உடம்புக்குள் ஓடும்வரை ஒரே ரத்தம்தான். சுமார் 55 சதவீதம் பிளாஸ்மா, மீதி அணுக்கள். பிளாஸ்மாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்; அதில் ஆல்புமின், குளோபுலின், ஃபைப்ரினோஜன், உப்புகள், சர்க்கரை. மருந்து எதுவும் இல்லாத சிவப்பு மூடி டியூபில் விட்டால் ஃபைப்ரினோஜன் வலையாகப் பின்னி அணுக்களைச் சிறைபிடிக்கும். மேலே தெளிந்து நிற்பது சீரம். ஃபைப்ரினோஜன் செலவழிந்துவிட்டதால் அதைப் பிளாஸ்மா என்று சொல்லக் கூடாது.

ஊதா மூடியில் ரத்தம் உறையாது. உறைவதற்குக் கால்சியம் வேண்டும். அதில் இருக்கும் ஈடிடிஏ (EDTA) என்ற மருந்து கால்சியத்தைக் கவ்விக்கொள்கிறது. அணுக்களை எண்ணுவதற்கு இதைவிட நல்ல டியூப் கிடையாது. ஆனால் அந்த ஈடிடிஏ பொட்டாசிய உப்பாகத்தான் பூசப்பட்டிருக்கிறது. இதைப் படித்திருந்தேன். ஊற்றும்போது ஞாபகம் வரவில்லை.

பொட்டாசியம் 9-ஐத் தாண்டி வந்தது. 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது, 6.5-க்கு மேல் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். பதறிப்போய் வார்டுக்குப் போன் செய்தேன். அங்கே அவர்கள் இன்னும் பதறினார்கள். ஓடிப்போய் ஈசிஜி எடுத்தால் ஒரு கோளாறும் இல்லை. அந்தப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டிருந்தாராம். என் சீனியர் ரிப்போர்ட்டை வாங்கினார். பொட்டாசியத்தைப் பார்க்கவில்லை, கால்சியத்தைப் பார்த்தார். அது பாதிக்கும் கீழே கிடந்தது. "எந்த டியூப்லேருந்து ஊத்தினே?" என்று மட்டும் கேட்டார்.

பொட்டாசியம் ஏறி, கால்சியம் சரிந்து, கூடவே அல்கலைன் பாஸ்படேஸும் இறங்கியிருந்தால் ஈடிடிஏ கலந்துவிட்டது என்று சந்தேகப்படுங்கள். அந்த நொதிக்குத் துத்தநாகமும் மக்னீசியமும் தேவை. ஈடிடிஏ அவற்றையும் விட்டுவைப்பதில்லை.

இன்னும் எரிச்சலாக வருவது இதற்குத்தான்: என்னுடையது பெரிய தவறு என்பதால் பிடிபட்டது. ஒரு துளி கலந்தால்? நிஜத்தில் 2.8 இருக்கும் நோயாளிக்கு 4 என்று அழகாக ரிப்போர்ட் போகும். யாரும் போன் செய்ய மாட்டார்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய பொட்டாசியம் கொடுக்கப்படாமலே போகும். ஊற்றாமலேகூட இது நடக்கும், ஊதா டியூபைத் தொட்ட ஊசிமுனை அடுத்த டியூபுக்குள் போனால் போதும். அதனால்தான் ரத்தம் எடுக்க வரிசை: கல்ச்சர் பாட்டில் (கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கு), நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். ரத்தம் குறைந்தால் குறைந்ததுதான். மறுபடி குத்துங்கள், திட்டு வாங்குங்கள், ஊற்றாதீர்கள்.

சீரம் சிவந்திருந்தும் பொட்டாசியம் அளவை ரிப்போர்ட்டில் போடுவது

சிவப்பணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே பிளாஸ்மாவில் இருப்பதைப்போல் இருபது மடங்குக்கு மேல். சிரிஞ்சை வேகமாக அழுத்தி டியூபுக்குள் பீய்ச்சினால் அணுக்கள் உடைந்து, சீரத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினோடு அதுவும் வெளியே வந்துவிடும். நோயாளியிடம் "கையை மூடி மூடித் திறங்க" என்பதும் வேண்டாம். தசையிலிருந்தும் பொட்டாசியம் கசியும்.

குலுக்குவது

கூடாது. எட்டுப் பத்து முறை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டுங்கள்.

"நரம்பில் நீல ரத்தம்"

நரம்பும் இல்லை, நீலமும் இல்லை. சிரை, கருஞ்சிவப்பு.

டியூபுக்குள் போனதும் ரத்தம் செத்துவிட்டது என்று நினைப்பது

சிவப்பணுவுக்கு உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. சுமார் 120 நாள் ஆயுள் முழுக்கச் சர்க்கரையை நொதித்தே பிழைக்கிறது. டியூபுக்குள் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. சீரத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குளுக்கோஸ் கரையும். காலையில் எடுத்ததை மதியம் ஓட்டிவிட்டு 'சர்க்கரை குறைவு' என்று எழுதினால், அந்தச் சர்க்கரையைத் தின்றது அணுக்கள்தான். சாம்பல் மூடியில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கும். ஆனால் அதுவும் முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் சாம்பல் மூடி என்றாலும் சீக்கிரம் பிரித்துவிடுங்கள்.

தட்டணு எண்ணிக்கை 40,000 என்றதும் அலறுவது

முதலில் ஸ்லைடில் ஒரு துளி ரத்தத்தை மெல்லியதாகத் தேய்த்து ஸ்மியர் போட்டு, அதன் ஓரத்தை நுண்ணோக்கியில் பாருங்கள். சிலருடைய தட்டணுக்கள் ஈடிடிஏவில் விழுந்ததும் திராட்சைக் கொத்துபோல ஒட்டிக்கொள்ளும்; இயந்திரம் கொத்தைத் தட்டணுவாக எண்ணாது. அப்படி இருந்தால் நீல மூடி டியூபில் எடுத்து ஓட்டுங்கள். அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் (இதுவும் உறையாமல் தடுப்பதுதான்) திரவம் இருப்பதால், வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்கி எழுத வேண்டும். அந்தப் பெருக்கலை நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.