ரெய்னால்ட்ஸின் தொடர்கதையை வாரம் எட்டுப் பக்கமாகக் கூடி வாசிப்பது எப்படி?

1844 முதல் லண்டனில் வாரம் ஒரு பென்னிக்கு விற்ற ‘தி மிஸ்டரீஸ் ஆஃப் லண்டன்’, உழைக்கும் மக்கள் விரும்பிப் படித்த தொடர்கதை. அதை எழுதிய ஜி.டபிள்யூ.எம். ரெய்னால்ட்ஸை இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தன. இத்தகைய வெகுசனப் புனைவுகளை மீட்டெடுக்கவென்றே 2009இல் விக்டோரியன் பாப்புலர் ஃபிக்‌ஷன் அசோசியேஷன் என்ற ஆய்வாளர் அமைப்பு தோன்றியது. ஐந்தாறு பேர் கொண்ட வாசகர் வட்டம் இருந்தால் அந்தப் பணியில் நாமும் பங்கேற்கலாம்.

முதலில், தட்டச்சு செய்த மின்னூலை விட்டுவிட்டு, இதழ்களைச் சேர்த்துக் கட்டிய பழைய தொகுதியின் ஸ்கேன் படியை எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ஓர் இதழுக்கு எட்டுப் பக்கம், பக்கத்துக்கு இரண்டு பத்தி (நெடுவரிசை) என்பது அதன் அமைப்பு. ஆகவே 1, 9, 17, 25 என்று பக்கங்களைப் புரட்டினால் ஒவ்வொன்றின் தலைப்பிலும் மரச்செதுக்குப் படம் இருக்கும். அங்கேதான் புதிய இதழ் தொடங்குகிறது. 52 வாரம் சேர்ந்தால் 416 பக்கம், ஒரு தொகுதி. மின்னூலில் இந்த மூட்டுகள் மறைந்துவிடுவதால், கடைக்காரரிடம் அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்த வாசகரும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்.

வாரம் ஓர் இதழ் மட்டும் படியுங்கள். ஆவல் எவ்வளவு இருந்தாலும் எட்டாம் பக்கத்தோடு நிறுத்துங்கள். ஒருவர் உரக்க வாசிக்க, மற்றொருவர் படத்தில் உள்ள காட்சி கதையில் எந்த இடத்தில் வருகிறது என்று குறிக்கட்டும். கதையை நிறுத்திவிட்டு ஏழைகளின் நிலை பற்றி ஆசிரியர் நேரடியாகப் பேசும் பகுதிகளைத் தாவிச் செல்லாதீர்கள். 1848 மார்ச் 6இல் டிரஃபால்கர் சதுக்கக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்ற ரெய்னால்ட்ஸின் குரல் அது; உழைக்கும் ஆண்களுக்கு வாக்குரிமை கோரிய சாசன (சார்ட்டிஸ்ட்) இயக்கத்தைச் சேர்ந்தவர் அவர். அந்த ஆண்டின் இதழ்களை அக்காலச் செய்தித்தாளோடு சேர்த்து வாசிப்பது மிகவும் பயன் தரும்.

கணினி எழுத்துணரியில் (OCR) எடுத்த உரையை மேற்கோள் காட்டுவதற்கு முன் ஸ்கேன் படியோடு ஒப்பிட்டு மெய்ப்புப் பாருங்கள்; இரண்டு பத்திகளின் வரிகளை அது ஒன்றாகக் கோத்துவிடுவது வழக்கம்.

தமிழ் வாசகருக்கு இதில் தனி உரிமையே உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸின் நாவல்களைத் தமிழில் தழுவி எழுதியவர். அத்தழுவல்களில் ஒன்றை அதன் மூலத்தோடு அத்தியாயம் அத்தியாயமாக ஒப்பிட்டு, எந்தப் பெயர் எப்படி மாறியது, ஆசிரியரின் அரசியல் பேச்சில் எது விடுபட்டது என்று அட்டவணை போடுங்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்த ஆய்வாளர்களால் செய்ய இயலாத வேலை இது.